ராட்சதப் பூரானுக்கு எந்தப் பெட்டி: கண்ணாடியா, அக்ரிலிக்கா, பிளாஸ்டிக்கா?

பெரிய பூரான் ஒன்றை வளர்ப்பது என்று முடிவு செய்தவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் பெட்டி. "கண்ணாடித் தொட்டி வாங்கவா, பிளாஸ்டிக் டப்பாவே போதுமா? முன்கதவு வைத்த டெராரியம் (ஓணான், தவளை போன்றவற்றை வளர்க்கும் கண்ணாடிக் கூண்டு) பார்க்க அழகாக இருக்கிறதே, அதை எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் இவை பெட்டி எதனால் செய்யப்பட்டது என்பதோடு நின்றுவிடுகின்றன. பூரான் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வருவதில்லை. மூடியின் ஓரத்தில் இருக்கும் இடுக்கு வழியாக வருகிறது. காற்றுக்காக நாமே போட்ட துளை வழியாக வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தீனி போடுவதற்காக மூடியைத் திறந்து வைத்திருக்கும் சில நொடிகளில் வருகிறது. எனவே எந்தப் பெட்டியையும் அதன் மூடியை வைத்தும், அதை நீங்கள் திறக்கப்போகும் விதத்தை வைத்துமே எடைபோடவேண்டும் என்பது என் கட்சி. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்தக் கண்ணோடு எழுதப்பட்டதே.

பேச்சு ஸ்கோலோபென்ட்ரா பேரினத்துப் பெரிய பூரான்களைப் பற்றியது. தென் அமெரிக்காவின் வடபகுதியைச் சேர்ந்த ஸ்கோலோபென்ட்ரா ஜைகான்டியா 30 சென்டிமீட்டர் வரை வளரும். தென்கிழக்கு ஆசியாவின் சப்ஸ்பைனிப்ஸ், டெஹானி இரண்டும் 20 சென்டிமீட்டரைத் தொடும். அமெரிக்காவின் தென்பகுதியிலும் மெக்சிகோவின் வடபகுதியிலும் வாழும் ஹீரோஸ் வறண்ட நிலத்துப் பூரான். எல்லாவற்றுக்கும் விஷம் உண்டு. தலைக்கு அடியில் இருக்கும் முதல் ஜோடிக் கால்களே விஷக் கொடுக்குகளாக மாறியிருக்கின்றன. கடி பெரியவர்களுக்குப் பெரும்பாலும் உயிராபத்தில் முடிவதில்லை. ஆனால் வலி மணிக்கணக்கில் நீடிக்கும், வீக்கம் நாள்கணக்கில் நிற்கும். பிலிப்பைன்ஸில் தலையில் கடிபட்ட ஏழு வயதுக் குழந்தை ஒன்று இறந்ததாக மருத்துவப் பதிவு இருக்கிறது. குளவி, தேனீ கொட்டினால் ஒவ்வாமை வரும் உடல்வாகு உள்ளவர்கள் இந்தப் பிராணியைத் தவிர்ப்பதே நல்லது. அவர்களுக்கு எந்தப் பெட்டியையும் நான் பரிந்துரைக்கப் போவதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

சுவரின் உயரம். பூரானின் கால் நுனியில் கூர்நகம்தான் இருக்கிறது. பல்லிக்கு இருப்பதுபோல ஒட்டிக்கொள்ளும் விரல்கள் கிடையாது. அதனால் சுத்தமான கண்ணாடியில் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. ஆனால் ஏறாமலேயே எட்டிவிடும். பின்பக்கத்துச் சில ஜோடிக் கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மீதி உடம்பை மூலையில் சாய்த்து நிமிர்த்தும். உணர்கொம்புகள் மேலே துழாவும். விளிம்பு தட்டுப்பட்டால் முன்கால்கள் பற்றிக்கொள்ளும். பிறகு உடம்பு முழுவதும் வழுக்கியதுபோல மேலேறிவிடும். சில கால்களின் பிடியே அதற்குப் போதும். வெனிசுவேலாவின் குகை ஒன்றில் ஜைகான்டியா கூரையில் ஒருசில கால்களால் மட்டும் தொற்றிக்கொண்டு, தன்னைவிடக் கனமான வௌவாலைப் பிடித்துத் தின்றதை 2005இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

ஆகவே கணக்கு இது: மண்ணின் மேற்பரப்பிலிருந்து மூடி வரை பூரானின் நீளத்துக்குக் குறையாத வெற்றுச் சுவர் இருக்கவேண்டும். ஒன்றரை மடங்கு இருந்தால் நிம்மதி. பூரான் வளை தோண்டும் பிராணி என்பதால் மண்ணும் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். 20 சென்டிமீட்டர்ப் பூரானுக்கு 12 சென்டிமீட்டர் மண், அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் சுவர் என்றால் பெட்டியின் உயரம் 42 ஆகிறது. கடையில் "பூச்சிகளுக்கு" என்று விற்கும் பெட்டிகளில் பல இந்த இடத்திலேயே தோற்றுவிடும்.

இடுக்கும் துளையும். பூரானின் தலை எங்கே நுழைகிறதோ அங்கே உடம்பும் நுழையும். தட்டையான உடம்பு அதற்காகவே அமைந்தது போலிருக்கும். வளர்ந்த பூரானைப் பொறுத்தவரை பென்சில் நுழையும் இடைவெளி எதுவும் வாசல்தான். குஞ்சுகளுக்குத் தீக்குச்சி நுழையும் துளையே வாசல்.

மூடியைத் தள்ளும் பலம். பார்க்க மெலிதாக இருந்தாலும் பூரான் முழுக்கத் தசை. கனமில்லாத மூடியை, பூட்டாமல் வைத்திருந்தால், தலையை ஆப்பு போலச் செருகித் தூக்கிவிடும். "மூடியின் மேல் ஒரு புத்தகம் வைத்திருக்கிறேன்" என்பது பாதுகாப்பில் சேராது. புத்தகம் ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை எழும்பும்.

ஈரமும் காற்றும். இதுதான் உண்மையான சிக்கல். பூரானின் மேல்தோலில் நீரைத் தடுத்து நிறுத்தும் மெழுகுப் பூச்சு போதுமான அளவு இல்லை. மூச்சுத் துளைகளையும் அதனால் மூடிக்கொள்ள முடியாது. வறண்ட பெட்டியில் சில நாள்களிலேயே துவண்டுவிடும். காற்றே இல்லாத ஈரப் பெட்டியிலோ பூஞ்சையும் நுண்ணிய உண்ணிகளும் பெருகும். அதற்காகத் துளை போட்டால் ஒவ்வொரு துளையும் பாதுகாப்பில் ஒரு ஓட்டை. எந்தப் பெட்டி இந்த இழுபறியை எளிதாகத் தீர்க்கிறது என்று பார்க்கவேண்டும்.

திறக்கும் விதம். மேலே திறக்கும் பெட்டியில், திறந்த பிறகும் சுவர் காவல் நிற்கிறது. பக்கவாட்டில் திறக்கும் பெட்டியில், திறந்த கணம் காவல் எதுவும் இல்லை. இந்த ஒரு வரி பல பெட்டிகளின் தலைவிதியை முடிவு செய்துவிடும்.

## மேல்மூடி போட்ட கண்ணாடித் தொட்டி

மீன் வளர்க்கும் சாதாரணத் தொட்டிதான். உயரம் தாராளமாகக் கிடைக்கும், கீறல் விழாது, பல ஆண்டுகள் ஆனாலும் வழவழப்புக் குறையாது. நன்கு பராமரித்தால் பத்தாண்டு வரை வாழக்கூடிய பிராணிக்கு இது சிறிய விஷயமல்ல. கனம் அதிகம் என்பதால் தட்டுப்பட்டு உருளாது. சுவர், மூடி என இரண்டு காவலும் முழுதாகக் கிடைப்பது இதில்தான்.

குறை மூலைகளில் இருக்கிறது. கண்ணாடிகளை ஒட்டிய சிலிக்கோன் பசை உள்மூலைகளில் மேலிருந்து கீழ்வரை ஒரு ரப்பர்க் கோடாக ஓடும். நகத்துக்குக் கண்ணாடி தராத பிடியை அது தரும். பூரானை இரவில் சிவப்பு விளக்கில் கவனித்தால் தெரியும்: சுவரின் நடுவில் முயன்று வழுக்கி விழுவது மூலைக்கு வந்ததும் நின்று, கோட்டின் இருபுறமும் கால்களைப் பரப்பி, விறுவிறுவென ஏறிவிடும். இதற்கு வழி உண்டு. தண்ணீர் நிற்கப்போகாத தொட்டி என்பதால், மேல்பகுதியில் 6 அல்லது 7 சென்டிமீட்டர் அளவுக்கு உள்மூலைப் பிசினைப் பிளேடால் சுரண்டி மெலிதாக்கலாம்; கண்ணாடிகளுக்கு இடையில் இருக்கும் பசையைத் தொடக்கூடாது. அல்லது விளிம்பை ஒட்டி உட்பக்கமாக 5 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடிப் பட்டைகளைப் படுக்கையாக ஒட்டலாம். ஏறி வரும் பூரான் அந்தப் பட்டையின் அடியில் தலைகீழாக நடக்க வேண்டியிருக்கும்; வழவழப்பான கண்ணாடியில் அது நடக்காது. எறும்பு வளர்ப்பவர்கள் விளிம்பில் தடவும் வழுக்குப் பூச்சை இங்கே நம்பவேண்டாம். ஈரத்தில் நாளாவட்டத்தில் உதிர்ந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு முழுவதும் மூடியில். மீன்தொட்டியோடு வரும் மூடியில் விளக்கு ஒயருக்கும் வடிகட்டிக் குழாய்க்கும் வெட்டுகள் இருக்கும். பூரானுக்கு அது உதவாது. தனியாக மூடி செய்யவேண்டும். மரச்சட்டம் ஈரத்தில் ஊதி வளையும். மெல்லிய அக்ரிலிக் தகடும் வளையும். அலுமினியச் சட்டத்தில் கண்ணாடியும் ஒரு பட்டை அளவுக்குத் துருப்பிடிக்காத எஃகு வலையும் பொருத்தி, நான்கு பக்கமும் கொண்டி வைப்பதே நெடுநாள் நிற்கும். தொட்டிக்குச் செலவழித்துவிட்டு மூடியில் சிக்கனம் பார்ப்பது யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதையாகிவிடும்.

மூடி முழுவதும் வலையாக இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இதைப் பலர் யோசிப்பதில்லை. வலை பூரானுக்கு அருமையான பிடி. எப்படியோ மேலே எட்டிய பூரான் வலையின் அடிப்பக்கத்தில் தொற்றிக்கொண்டு கிடக்கும். நீங்கள் மூடியைத் தூக்கும்போது அதையும் சேர்த்துத் தூக்குகிறீர்கள். மூடியின் விளிம்பைப் பிடித்திருக்கும் உங்கள் விரல்களுக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்கூட இருக்காது. வலை ஒரு பட்டையாக மட்டும், நடுவில், இருக்கட்டும். திறக்கும் முன் டார்ச் அடித்து மூடியின் அடியைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தனியாக மூடி செய்வதில் ஒரு பெரிய லாபமும் இருக்கிறது: தீனி வாசல். மூடியில் 5 சென்டிமீட்டர் வட்டத் துளை போட்டு, திருகுமூடி உள்ள பாட்டிலின் கழுத்தை வெட்டி அதில் ஒட்டிவிட்டால் போதும். கரப்பானையோ சுவர்க்கோழியையோ அதன் வழியே போடலாம், தண்ணீரும் தெளிக்கலாம். பெரிய மூடியை ஆண்டில் சில தடவை மட்டும் திறந்தால் போதும் என்ற நிலை வரும். தப்பிப்பது திறக்கும் நொடிகளில்தான் என்றால், அந்த நொடிகளைக் குறைப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு ஏது?

இடம் மாற்றுவது மட்டும் கஷ்டம். 60 × 30 சென்டிமீட்டர் தரையில் 12 சென்டிமீட்டர் மண் என்றால் 21 லிட்டருக்கு மேல் ஈரமண். அதைத் தொட்டியோடு ஒருவர் தனியாகத் தூக்கக்கூடாது. அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு இது ஏற்றதல்ல.

## முன்கதவு டெராரியம்

கடையில் கண்ணைப் பறிப்பது இதுதான். ஓணானுக்கும் மரத்தவளைக்கும் அருமையான வீடு. பூரானுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

கதவைத் திறந்தால் பூரானின் வளை உங்கள் முழங்கைக்கு நேர் எதிரே. முன்பக்கத் தடுப்பு பெரும்பாலும் தாழ்வாக இருப்பதால் மண்ணையும் ஆழமாகப் போட முடியாது. போட்டால் மண் கதவின் கீழ்விளிம்பைத் தொடும், கதவுச் சந்தில் மண் அடைத்து முழுதாக மூடாமல் போகும். கண்ணாடி அருகே வளை அமைப்பது பூரானுக்குப் பிடித்த வேலை. அதாவது கதவுக்கு அடியிலேயே குடியிருக்கும்.

அடுத்து, பின்பக்க மூலைகளைப் பாருங்கள். ஒயர் விடுவதற்காகச் சிறிய திறப்புகளும் அவற்றை மூட நகரும் பிளாஸ்டிக் துண்டுகளும் இருக்கும். தலையால் முட்டினாலே அவை நகரும். இரட்டைக் கதவுகள் சந்திக்கும் நடுக்கோடு, கீல் இருக்கும் பக்கம், நகரும் கண்ணாடி வகை என்றால் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடம் என ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடைக்கவேண்டும். மேலே முழுவதும் வலை என்பதால் ஈரமும் நிற்காது. பாதிக்கு மேல் கண்ணாடித் தகட்டால் மூடவேண்டி வரும். இத்தனை திருத்தம் செய்து முடிக்கும்போது, வாங்கிய பெட்டியின் அழகும் வசதியும் இரண்டுமே போயிருக்கும்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, வீணாக்க வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி: ஒயர்த் திறப்புகளைச் சிலிக்கோனால் நிரந்தரமாக அடையுங்கள், முன்கதவையும் பூட்டிச் சுற்றிலும் அடைத்துவிடுங்கள், மேல்பக்கம் மட்டும் திறக்கும்படி பயன்படுத்துங்கள். அப்போது அது முந்தைய பகுதியில் சொன்ன தொட்டியாக மாறிவிடுகிறது.

## அக்ரிலிக் பெட்டி

பூச்சி வளர்ப்போருக்கென்றே செய்த அக்ரிலிக் பெட்டிகளில் உள்மூலையில் சிலிக்கோன் கோடு கிடையாது. மூலைகள் பசையால் உருகிச் சேர்ந்திருக்கும், பிடி இல்லை. அதே அளவுக் கண்ணாடியில் ஏறக்குறைய பாதி எடைதான். காற்றுத் துளைகள் சீராக, தேவையான விட்டத்தில், இயந்திரத்தால் போடப்பட்டிருக்கும். புதிதாக இருக்கும்போது இதைவிடப் பாதுகாப்பான பெட்டி இல்லை என்றே சொல்லலாம்.

"புதிதாக இருக்கும்போது" என்பதை அழுத்தித்தான் சொல்கிறேன். அக்ரிலிக் எளிதில் கீறும். மணல் கலந்த மண்ணை ஒரு துணியால் துடைத்தாலே மெல்லிய கோடுகள் விழும். அந்தக் கோடுகள் கூடக்கூட நகத்துக்குப் பிடி கூடும். சாராயம் அல்லது அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானால் துடைத்தால் நுண்ணிய வெடிப்புகள் விழும். வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான துணியும் தவிர வேறெதுவும் வேண்டாம். இன்னொன்று வளைவு. தகட்டின் உட்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரியும், வெளிப்பக்கம் காய்ந்தே இருக்கும். நாளடைவில் தட்டையான மூடி ஒரு பக்கமாக வளைந்து மூலைகளில் இடைவெளி விடும். வாங்கிய அன்று முடி நுழையாத மூடியில் ஆறு மாதத்தில் பென்சில் நுழையலாம். காந்தத்தால் மட்டும் ஒட்டி நிற்கும் மூடிகளைப் பெரிய பூரானுக்கு நம்பவேண்டாம். நகர்த்தி மூடும் வகையில் பள்ளத்தில் மண்துகள் சேர்ந்தால் கடைசி ஒரு சென்டிமீட்டர் மூடாமல் நிற்கும்; நமக்கு மூடியதுபோலத் தோன்றும்.

வறண்ட நிலத்துப் பூரான்களான ஹீரோஸ், பாலிமார்ஃபா போன்றவற்றுக்கு இது மிகப் பொருத்தம். பெட்டிக்குள் ஈரம் குறைவு என்பதால் வளைவும் குறைவு. மழைக்காட்டுப் பூரானுக்கு வாங்குவதானால் மூடி தடிமனான தகட்டில் இருக்கவேண்டும். நான்கு புறமும் திருகோ கொண்டியோ இருக்கவேண்டும்.

## கிளிப் வைத்த பிளாஸ்டிக் பெட்டி

துணிமணியும் மளிகையும் போட்டு வைக்கும் பெட்டி. அழகில் கடைசி. ஆனால் நெடுநாள் வளர்ப்பவர்கள் பலர் கடைசியில் வந்து சேருவது இங்கேதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஈரத்தை இதைவிட நன்றாகப் பிடித்து வைக்கும் பெட்டி இல்லை. எடை குறைவு. உடைந்தாலும் மாற்றுவது எளிது. பல பூரான்களைத் தனித்தனியாக வைப்பவருக்கு அடுக்கி வைக்க வசதி. பூரான்களைச் சேர்த்து வளர்க்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒன்றையொன்று தின்றுவிடும்.

துளைகள் நீங்களே போடவேண்டும், அதில்தான் கவனம் தேவை. சூடான கம்பியால் குத்தினால் உருகிய பிளாஸ்டிக் துளையைச் சுற்றி வளையம்போலத் தடித்து நிற்கும். அது நகத்துக்குப் படிக்கட்டு. வெளியிலிருந்து குத்தினால் வளையம் உட்பக்கம் விழும். டிரில்லால் 2 அல்லது 3 மில்லிமீட்டர் துளை போட்டு, உட்பக்கத்தைச் சுரண்டிச் சமன் செய்வது மேல். கண்ணாடிபோலத் தெளிவான வகைப் பிளாஸ்டிக் டிரில்லில் வெடித்துவிடும். பால்நிறம் கலந்த வளையும் வகை தாங்கும். துளைகளை எதிரெதிரான இரண்டு பக்கங்களில், மண்ணுக்குச் சற்று மேலே ஒரு பக்கமும் மூடிக்கு அருகே மறுபக்கமும் போட்டால் காற்று குறுக்கே நகரும். மூடியில் துளை தேவையில்லை.

இதன் பெரிய பலவீனம் உயரம். வழக்கமான பெட்டிகள் 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரம்தான். 12 சென்டிமீட்டர் மண் போட்டபின் மிஞ்சுவது ஒரு சாண். அப்படியானால் பூரான் எப்போதும் மூடியை எட்டும் தூரத்தில் இருக்கிறது. சுவர் என்ற காவல் இல்லை, மூடி மட்டும்தான். திறக்கும்போது அது விளிம்பில் நிற்கக்கூடும் என்று எண்ணியே திறக்கவேண்டும். அதனால் 40 சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ள பெட்டியைத் தேடி எடுங்கள், கிடைக்கும்.

கிளிப்பை நம்புவதிலும் அளவு உண்டு. நீளப் பக்கத்தில் நடுவில் மட்டும் கிளிப் இருந்தால் மூலைகளில் மூடி இளகும். விரலால் மூலையை மேல்நோக்கி நெம்பிப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். நான்கு பக்கமும் கிளிப், உள்ளே ரப்பர் வளையம் உள்ள வகை நல்லது. கிளிப்பின் கீல் வளைந்து வளைந்து ஒருநாள் முறியும். அது வெளுத்துக் கோடு விழத் தொடங்கும்போதே பெட்டியை மாற்றிவிடவேண்டும். முறியும்வரை காத்திருக்கக்கூடாது.

## திருகுமூடி ஜாடி

குஞ்சுகளுக்கும் 7, 8 சென்டிமீட்டர் வரை உள்ள இளம் பூரான்களுக்கும் இதைவிட நல்லது இல்லை. அகன்ற வாய், திருகினால் சுற்றிலும் ஒரே சீராக அழுத்தும் மூடி, மூலையே கிடையாது. துளை 1 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். சூடாக்கிய ஊசி போதும். வளர்ந்த பூரானுக்குத் தரை போதாது என்பது ஒன்றுதான் குறை. பெரிய பெட்டி வாங்குபவர்களும் ஒரு ஜாடியை வாங்கி வைக்கவேண்டும். பெட்டியைச் சுத்தம் செய்யும்போது பூரானுக்கு அதுதான் தற்காலிக வீடு.

## ஒரே பார்வையில்

| பெட்டி | சுவர் காவல் | மூடி காவல் | ஈரம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| கண்ணாடித் தொட்டி | முழுமை, மூலையைத் திருத்தினால் | நீங்கள் செய்வதைப் பொறுத்தது | நன்று | தனி மூடி, எடை |
| முன்கதவு டெராரியம் | திறந்தால் இல்லை | பல இடுக்குகள் | வலையால் குறையும் | அடைக்கும் வேலை |
| அக்ரிலிக் | புதிதில் மிக நன்று | வளைந்தால் போச்சு | வறண்ட வகைக்கே ஏற்றது | கீறல், மாற்று மூடி |
| பிளாஸ்டிக் பெட்டி | உயரம் இருந்தால் மட்டும் | நான்கு பக்கக் கிளிப்பில் நன்று | மிக நன்று | துளை போடும் வேலை, கிளிப் தேய்மானம் |
| திருகுமூடி ஜாடி | தேவையில்லை | மிக நன்று | நன்று | வளர வளர மாற்றவேண்டும் |

## யாருக்கு எது

ஒரே ஒரு பூரான், நிலையான இடம், பார்த்து ரசிக்கவேண்டும் என்பவருக்குக் கண்ணாடித் தொட்டியும் தீனி வாசல் வைத்த மூடியும். ஜைகான்டியா வளர்ப்பவருக்கு வேறு வழியே இல்லை. 30 சென்டிமீட்டர்ப் பூரானுக்கு வேண்டிய உயரம் மற்றப் பெட்டிகளில் எளிதில் கிடைக்காது.

முதல்முறை வளர்ப்பவர் உயரமான பிளாஸ்டிக் பெட்டியில் தொடங்கலாம். பார்வைக்கு மங்கலாக இருக்கும் என்ற குறை பெரிதல்ல. பூரான் பகலில் வெளியே வருவதே அபூர்வம். நீங்கள் பெரும்பாலும் பார்க்கப்போவது மண்ணைத்தான்.

பெண் பூரான் முட்டையிட்டு அவற்றைச் சுற்றிச் சுருண்டு காவல் இருக்கிறது என்றால் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள். தொந்தரவு செய்தால் முட்டைகளைத் தானே தின்றுவிடும். அப்போதும் உங்களைக் காப்பாற்றுவது தீனி வாசல்தான். பெரிய மூடியைத் திறக்காமல் தண்ணீர் தெளிக்கலாம். ஆனால் குஞ்சுகள் வெளிவருவதற்குள் துளைகளைக் கவனியுங்கள். தாய்க்கு அளவெடுத்துப் போட்ட 3 மில்லிமீட்டர் துளை குஞ்சுகளுக்குக் கதவு. உட்பக்கம் நுண்ணிய எஃகு வலையை ஒட்டவேண்டும். நைலான் வலையைக் கடித்துக் கிழித்துவிடக்கூடும்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் எந்தப் பெட்டியாக இருந்தாலும் பூட்டு, சாவி, எட்டாத உயரத்தில் இருக்கும் தனி அலமாரி மூன்றும் வேண்டும். மூன்றுக்கும் வழியில்லை என்றால் பூரானைத் தள்ளிப்போடுங்கள்.

## பூரான் வருவதற்கு முன்

பெட்டியை வாங்கி அன்றே பூரானை விடுபவர்கள் அதிகம். ஒரு வாரம் முன்னதாகவே நார்த்தூளும் மண்ணும் கலந்து போட்டு, ஈரப்படுத்தி, மூடி, அப்படியே வைத்திருங்கள். மூடி வளைகிறதா, சுவரெல்லாம் நீர் கோத்து நிற்கிறதா, பூஞ்சை வருகிறதா என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அடிமண் ஈரமாகவும் மேல்மண் காய்ந்தும் இருப்பதே வேண்டியது. சூடு தேவைப்படும் இடத்தில் வெப்ப விரிப்பைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள், அடியில் வேண்டாம். சூடு தாங்காத பூரான் கீழே தோண்டித் தப்பிக்கப் பார்க்கும், அடியிலிருந்தே சூடு வந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை.

மரப்பட்டை, ஓடு போன்றவற்றைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். 30 சென்டிமீட்டர் சுவரைக் கணக்குப் பார்த்து வாங்கிவிட்டு, உள்ளே 15 சென்டிமீட்டர்ப் பட்டையைச் சாய்த்தால் சுவர் பாதியாகிவிட்டது. தண்ணீர்க் கிண்ணம் மூலையில் வேண்டாம். அதுவும் ஒரு படி.

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, எரியும் டார்ச்சைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். சுற்றி வந்து பாருங்கள். மூடியின் ஓரத்தில் வெளிச்சம் கோடாகத் தெரியும் இடமெல்லாம் இடுக்கு. கோடு எங்கே தடித்துத் தெரிகிறதோ அங்கே கெட்டியான அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிப் பாருங்கள். அட்டை நுழைந்து அசைகிறது என்றால் மூடியைத் திருப்பிப் போட்டு மறுபடியும் பாருங்கள். பல மூடிகள் ஒரு பக்கம் போட்டால் இறுகும், மறுபக்கம் போட்டால் இளகும். இறுகும் பக்கத்தில் மூடியிலும் பெட்டியிலும் சேர்த்து ஒரு மார்க்கர் கோடு போட்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை.

கூடவே வாங்கவேண்டியவை மூன்று. 30 சென்டிமீட்டருக்குக் குறையாத இடுக்கி. அதிலும் பூரான் விறுவிறுவென ஏறி வரும் என்பதால், ஏறினால் கீழே போட்டுவிடத் தயாராக இருக்கவேண்டும். பூரானைக் கவிழ்த்து மூட அகலவாய் ஜாடி, அதனடியில் செருக ஒரு கெட்டி அட்டை. பெட்டியையே உள்ளே வைத்துத் திறப்பதற்கு, பெட்டியைவிடப் பெரிய, உயரமான, வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் டப். மண் மாற்றும் நாளில் பூரான் குதித்தோடினாலும் டப்பின் தரையில்தான் ஓடும், ஜாடியைக் கவிழ்க்க உங்களுக்கு நேரம் இருக்கும்.